கினிப் பன்றி: தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலந்தால் போதுமா?

கேள்வி:
இரண்டு மாதமான கினிப் பன்றிகள், ஒரு ஆண், ஒரு பெண். கம்பி வலைத் தரை உள்ள கூண்டு. பெல்லட் (குச்சி போல அழுத்திச் செய்த) தீவனம் கொடுக்கிறேன், தண்ணீர்ப் புட்டியில் வைட்டமின் சி சொட்டு கலக்கிறேன். வைக்கோலும் போடுகிறேன், ஆனால் சரியாகத் தின்பதில்லை. எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில் 1:
முதலில் ஜோடியைப் பிரியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஆண் மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பெண் இப்போதே சினையாக இருக்கலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஈன்ற சில மணி நேரத்தில் மறுபடியும் சினை பிடிக்கும் என்பதால், அதற்கு முன்பே ஆண் தனியாக இருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்கு மறைவாக வைக்காதீர்கள். இவை கூட்டமாக வாழ்பவை. நடுவில் கம்பித் தடுப்பு போட்டுப் பக்கத்திலேயே விடுங்கள். ஆணுக்கு விதை நீக்கம் செய்தால் ஆறு வாரம் கழித்து ஒன்றாக விடலாம்.

பதில் 2:
தண்ணீரில் வைட்டமின் கலப்பதை நிறுத்திவிடுங்கள். கரைந்த வைட்டமின் சி சீக்கிரமே வீரியம் இழந்துவிடும். ருசி பிடிக்காவிட்டால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். நம்மைப் போலவே இவற்றின் உடலும் இந்த வைட்டமினைத் தயாரிக்காது. ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 10 மி.கி. தேவை, வளரும் குட்டிக்கும் சினைக்கும் 30 மி.கி. வரை. 20 கிராம் சிவப்புக் குடைமிளகாயிலேயே சுமார் 25 மி.கி. இருக்கிறது. குறைந்தால் முடி சொரசொரப்பாகும், மூட்டு வீங்கும், தூக்கினால் வலியில் கத்தும். பெல்லட்டில் சேர்த்த வைட்டமினும் நாள்பட வீணாகும். தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள்.

வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. கதிர் அடித்த பிறகு மிஞ்சும் வெறும் தண்டு வைக்கோல். அதில் சத்து குறைவு. பச்சையாக அறுத்துக் காயவைத்த புல்தான் இவற்றின் முக்கிய உணவு, கூண்டில் எந்நேரமும் இருக்க வேண்டும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் அசைந்து கடைவாய்ப் பற்களைத் தேய்க்கும். அது நடக்காவிட்டால் கீழ்ப் பற்கள் உள்பக்கம் சாய்ந்து நாக்கின் மேல் வளைந்துகொள்ளும், விழுங்கவே முடியாது. குதிரை மசால் (அல்ஃபால்ஃபா) என்ற தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிக்கும் சினைக்கும் சரி, வளர்ந்ததற்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் சேரலாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட் கூடவே கூடாது.

பதில் 3:
கம்பித் தரையை மாற்றுங்கள். பாதத்தில் முடி கிடையாது, கம்பி அழுத்தி உள்ளங்கால் சிவந்து புண்ணாகும், சீழ் எலும்பு வரை போகும். கெட்டியான தரையில் கம்பளித் துணியோ காகிதத் துகளோ விரியுங்கள். தேவதாரு மரத்தூள் வேண்டாம், அதன் வாசனை நுரையீரலைப் பாதிக்கும். ஓடும் சக்கரமும் வேண்டாம், முதுகெலும்பு வளைந்து அடிபடும். அறை வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. 30-ஐ நெருங்கினால் வெப்பத்தாக்கு வரும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில் இருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி, ஆணைத் தனியாக வைத்துவிட்டேன். உடம்பு சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 2:
இரையாகும் பிராணி, நோயை மறைக்கும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். வளர்ந்த பிறகு ஒரே வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். புழுக்கை சிறுத்தாலோ நின்றாலோ, அரை நாள் தின்னாமல் இருந்தாலோ அவசரம்தான். குடல் இயக்கம் நின்றுவிடும், காத்திருக்காதீர்கள். முயல், கினிப் பன்றி பார்க்கும் கால்நடை மருத்துவரை இப்போதே தேடி வையுங்கள். நாய்க்கோ பூனைக்கோ கொடுத்த அமாக்ஸிசிலின் மிச்சத்தை வாயில் ஊற்றிவிடாதீர்கள். அது போன்ற பென்சிலின் வகை மருந்து குடலின் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். விஷக் கிருமி பெருகிச் சில நாளில் உயிர் போய்விடும்.