வான்கோழி இன்னும் கல்லாக உறைந்திருக்கிறது. நாளை பகல் 2 மணிக்கு விருந்து

மாதுளை (புதன், இரவு 9.40)

வணக்கம். நாளை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எட்டுப் பேரை அழைத்திருக்கிறோம். பகல் 2 மணிக்குச் சாப்பாடு என்றும் சொல்லிவிட்டோம். 13 பவுண்டு வான்கோழியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கும் வேலையைக் கணவர் செய்துவிட்டதாக நானும், நான் செய்துவிட்டதாக அவரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம். சற்று முன்பு திறந்து பார்த்தபோதுதான், அது வாங்கி வந்த நாளில் இருந்தபடியே உறைந்து கிடப்பது தெரிந்தது.

உறைந்த வான்கோழியை அப்படியே ஓவனில் வைத்துச் சமைக்கலாமா? வெளியே வெந்து உள்ளே பச்சையாக நின்றுவிடுமோ, சாப்பிடுபவர்களுக்கு வயிற்றுக்கோளாறு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்தக் கோழியையும் மஞ்சள்தூள் போட்டு இரண்டு மூன்று முறை கழுவி, மசாலாவில் ஊறவைத்துத்தான் எனக்குப் பழக்கம். இதை எப்படிக் கழுவுவது, எப்படி ஊறவைப்பது என்றும் விளங்கவில்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒரு பொட்டலம் இருக்கும் என்கிறார்களே, அதை எப்போது எடுப்பது?

பனிக்காலம் (புதன், இரவு 9.52)

இதற்காக இவ்வளவு கவலைப்பட வேண்டாம். இப்போதே உறையைப் பிரிக்காமல் சமையல் மேடையில் எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் இளகியிருக்கும். அவசரமென்றால் வெந்நீர்த் தொட்டியில் போட்டுவிடுங்கள். நாங்கள் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம்.

கரண்டி (புதன், இரவு 10.15)

மாதுளை அவர்களுக்கு, முதலில் மேலே சொல்லப்பட்டதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பனிக்காலம் அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார், பல வீடுகளில் அப்படி நடக்கவும் செய்கிறது. ஆனால் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் 140 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. மேடையில் வைத்த வான்கோழியின் நடுப்பகுதி பனிக்கட்டியாக இருக்கும்போதே, அதன் தோலும் அடியிலுள்ள சதையும் அந்த எல்லைக்குள் வந்து விடியும்வரை அங்கேயே கிடக்கும். வெந்நீரில் போட்டால் இதே கேடு இன்னும் விரைவாக நடக்கும்.

உறைந்த வான்கோழியை நேராக ஓவனில் வைப்பதோ, கேட்பதற்கு அபாயமாகத் தோன்றினாலும், மேடையில் இளக விடுவதைவிடப் பாதுகாப்பானது. அமெரிக்க வேளாண்மைத் துறையே இதை அனுமதிக்கிறது. கிருமிகள் பெரும்பாலும் இருப்பது தோலின் மேலும் வயிற்றுக்குழியின் சுவரிலும்தான். 325 டிகிரியில் உள்ள ஓவனில் தோல் அந்த அபாய எல்லையை விரைவாகத் தாண்டிவிடுகிறது; சதையின் நடுப்பகுதியோ கடைசிவரை குளிர்ந்தே இருந்துவிட்டுப் பிறகு சூடேறுகிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஓவன் 325 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது ஒன்று. இளகிய வான்கோழிக்கு ஆகும் நேரத்தைப் போலக் குறைந்தது ஒன்றரை மடங்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உள்ளே எதுவும் திணிக்காத, இளகிய 12 முதல் 14 பவுண்டு வான்கோழி 325 டிகிரியில் வேக 3 மணி முதல் 3¾ மணி நேரம் ஆகும். அதன் ஒன்றரை மடங்கு என்றால் 4½ மணி முதல் ஏறத்தாழ 5¾ மணி நேரம். வெந்தபின் 20 நிமிடமாவது ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆகவே காலை 7 மணிக்கு ஓவனுக்குள் வைத்துவிட்டால் 2 மணி விருந்துக்கு நிம்மதியாக இருக்கலாம். சற்று முன்னதாகவே வெந்துவிட்டால் ஃபாயிலால் மூடி வைத்துக்கொள்ளலாம். விருந்தினர் வந்து அமர்ந்தபின் வேகவில்லை என்றால்தான் சங்கடம்.

காலையில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மேலுறையையும் வலையையும் கத்தரித்து எடுத்துவிட்டு, ஆழமில்லாத பெரிய தட்டில் கம்பித்தட்டை வைத்து அதன்மேல் நெஞ்சுப்பகுதி மேலே இருக்கும்படி வான்கோழியை வையுங்கள். தட்டின் ஓரச்சுவர் உயரமாக இருந்தால் தொடைகளுக்குச் சூடான காற்று போய்ச் சேராது. கழுவவே வேண்டாம். நம் வீடுகளில் கழுவாத கறியைச் சமைப்பதே அருவருப்பாகத் தோன்றும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கழுவுவதால் கிருமி சாவதில்லை. தெறிக்கும் நீரோடு தொட்டிக்கும் மேடைக்கும் பக்கத்தில் வைத்திருக்கும் காய்கறிக்கும்தான் பரவுகிறது. கிருமியைக் கொல்வது ஓவனின் சூடு.

முதல் இரண்டு மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். உறைந்த தோலில் உப்பும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது. 9 மணி அளவில் மேற்பரப்பு இளகி ஈரமாகியிருக்கும். அப்போது வெளியே எடுத்து, உருக்கிய வெண்ணெயோ எண்ணெயோ தடவி, உப்பும் மிளகுத்தூளும் தூவிவிட்டு உடனே உள்ளே வைத்துவிடுங்கள். இஞ்சி பூண்டு விழுது தடவ வேண்டாம் என்பது என் கருத்து. மிச்சமிருக்கும் மூன்று நான்கு மணி நேரத்தில் அது கருகிக் கசக்கும். அந்தச் சுவை வேண்டுமென்றால் கிரேவியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் உறைந்த வான்கோழிகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே உப்புநீர் ஏற்றப்பட்டவை. உறையில் எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு உப்பின் அளவை முடிவு செய்யுங்கள்.

பொட்டலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஈரலும் இதயமும் இரைப்பையும் ஒரு பையில் இருக்கும், கழுத்து தனியாக இருக்கும். இவற்றில் ஒன்று வயிற்றுக்குழியிலும் மற்றொன்று கழுத்துத் தோலுக்கு அடியிலும் இருப்பதே வழக்கம் என்பதால், ஒன்றை எடுத்தவுடன் வேலை முடிந்ததென்று நினைத்துவிடாதீர்கள். இப்போது எதுவும் அசையாது. ஓவனில் வைத்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனபின், அதாவது 10 மணி அளவில், நீண்ட இடுக்கியால் இரண்டு பக்கமும் தேடி எடுத்துவிடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அரை மணி கழித்து மீண்டும் முயலுங்கள். பை காகிதமாக இருந்தால் சிக்கல் இல்லை. அது பிளாஸ்டிக்காக இருந்து, வெப்பத்தில் உருகியோ உருமாறியோ போயிருந்தால், பையிலுள்ளவற்றை மட்டுமன்றி வான்கோழியையும் சாப்பிடக் கூடாது என்பதே வேளாண்மைத் துறையின் அறிவுரை. அதனால் அந்த 10 மணியை மறந்துவிடாமல் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். தோலின் நிறத்தை நம்ப முடியாது. சில வான்கோழிகளில் பொருத்தியிருக்கும், வெந்ததும் மேலெழும் பிளாஸ்டிக் குச்சியையும் தனியாக நம்ப முடியாது. நெஞ்சின் மிகத் தடிமனான இடம், தொடையின் உட்பகுதி, இறக்கையின் உட்பகுதி ஆகிய மூன்றிலும், முனை எலும்பில் படாமல் குத்திப் பார்க்கையில் 165 டிகிரி காட்ட வேண்டும். நண்பகலிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். அதற்குள் நெஞ்சுப்பகுதி அதிகம் சிவந்துவிட்டால் அதை மட்டும் ஃபாயிலால் மூடுங்கள்.

வயிற்றுக்குழியில் அடைக்கும் ரொட்டிக் கலவையான ஸ்டஃபிங்கை உறைந்த வான்கோழிக்குள் திணிக்கக் கூடாது. தனிப் பாத்திரத்தில் செய்துகொள்ளுங்கள். ஓவன் ஒன்றுதான் என்றால், நாளை அதில் வேறு எதற்கும் இடமிருக்காது என்பதையும் இன்றிரவே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாதுளை (புதன், இரவு 10.31)

மிக்க நன்றி. பாதி உயிர் வந்துவிட்டது. குளிர்ந்த நீரில் போட்டு இளக்கும் முறை ஒன்று இருப்பதாகக் கணவர் சொல்கிறார். அது இதைவிட மேலானது அல்லவா? இன்னொன்று, அவருடைய நண்பரிடம் வான்கோழியை எண்ணெயில் முழுதாகப் பொரிக்கும் அடுப்பு இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறாராம்.

தாழ்வாரம் (புதன், இரவு 10.38)

எண்ணெய் அடுப்பு கூடவே கூடாது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்காகிறது. உறைந்த வான்கோழியைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கினால், அதிலுள்ள பனி நொடியில் ஆவியாகி எண்ணெயைப் பாத்திரத்துக்கு வெளியே பொங்க வைக்கும். அது கீழேயுள்ள நெருப்பில் விழுந்து பற்றிக்கொள்ளும். ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் தீயணைப்புத் துறையினர் இதைத்தான் மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறார்கள். முழுதாக இளகிய வான்கோழியையே ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் எண்ணெயில் இறக்க வேண்டும். நண்பரிடம் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

நிதானம் (புதன், இரவு 10.50)

குளிர்ந்த நீர் முறை பாதுகாப்பானதுதான். ஆனால் உங்கள் நிலையில் அதனால் பயனில்லை. ஒரு பவுண்டுக்கு 30 நிமிடம் என்பது கணக்கு. 13 பவுண்டுக்கு ஆறரை மணி நேரம். நீர் புகாத உறைக்குள் வைத்து மூழ்கடித்து, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். இப்போது தொடங்கினால் விடிகாலை ஐந்தரை மணி வரை நீங்களும் கணவரும் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். அப்படி இளக்கியதை உடனே சமைத்தாகவும் வேண்டும். நேராக ஓவனில் வைத்தால் கூடுதலாக ஆவது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான்.

ஏன் அவ்வளவு கூடுதல் என்றால், ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஒரு கலோரி வெப்பம் போதும். ஒரு கிராம் பனிக்கட்டியை நீராக உருக்குவதற்கு மட்டும் 80 கலோரி வேண்டும். இறைச்சியின் எடையில் பெரும்பகுதி நீர் என்பதால், ஓவன் கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு பனியை உருக்குவதிலேயே செலவாகிறது. அந்த நேரத்தில் நடுப்பகுதியின் வெப்பநிலை அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பதறி ஓவன் சூட்டை 400 டிகிரி பாரன்ஹீட்டுக்கு ஏற்றிவிடாதீர்கள். தோல் கருகுமே தவிர உள்ளே வேகாது.

இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. தொடையும் காலும் மெல்லியவை என்பதால் முதலில் இளகிச் சூடேறுகின்றன. தடித்த நெஞ்சுப்பகுதி கடைசியில் இளகுகிறது. தொடைச் சதையில் இணைப்புத்திசு அதிகம் என்பதால் அது 175 முதல் 180 டிகிரி வரை சென்றால்தான் மென்மையாகும். நெஞ்சுக்கறியோ 165-ஐத் தாண்டினால் வறளத் தொடங்கும். இளகிய வான்கோழியில் நெஞ்சு வறண்ட பின்னும் தொடை முழுதாக வேகாமல் படுத்தும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 15 பவுண்டுக்கு மேல் போனால் மட்டும் நான் இதைச் செய்ய மாட்டேன். நடுப்பகுதி வேகுமுன் வெளிப்புறம் காய்ந்துவிடும்.

உப்பில் ஊறவைத்த வான்கோழியின் சுவை இதற்கு வராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உப்பு உள்ளே இறங்க நேரமே இல்லை. ஆகவே உழைப்பைக் கிரேவியில் செலவிடுங்கள். 10 மணிக்கு எடுக்கும் கழுத்தையும் இரைப்பையையும் வெங்காயத்தோடு ஒரு மணி நேரம் வேகவைத்துச் சாறு எடுங்கள். தட்டில் வடிந்திருக்கும் நீர் வழக்கத்தைவிட நீர்த்திருக்கும். அதை நன்றாகச் சுண்டவைத்தபின் இந்தச் சாற்றோடு சேருங்கள்.

மாதுளை (வியாழன், இரவு 7.20)

எழுதியபடியே செய்தேன். காலை 6.55-க்கு உள்ளே வைத்தோம். 9 மணிக்கு வெண்ணெய் தடவினேன். 10 மணிக்கு வயிற்றுக்குள்ளிருந்த கழுத்து அசையவே இல்லை, 10.40-க்குத்தான் வந்தது. பை வயிற்றுக்குள் இல்லை. கழுத்துத் தோலுக்கு அடியில் இருந்தது, காகிதப் பைதான். நீங்கள் இரண்டு இடம் என்று சொல்லியிராவிட்டால் அதைத் தேடியிருக்கவே மாட்டேன். 11 மணி அளவில் நெஞ்சின் நடுவில் தெர்மாமீட்டர் 60-க்கும் கீழே காட்டியபோது கை நடுங்கியது; ஆனாலும் ஓவன் சூட்டைத் தொடவில்லை. 12.50-க்கு நெஞ்சில் 167, தொடையில் 181. கணவர் வெட்டினார். நெஞ்சுக்கறி காயவில்லை, உள்ளே உப்புச் சற்றுக் குறைவுதான், கிரேவி அதைச் சமாளித்துவிட்டது. உறைந்ததை அப்படியே சமைத்தோம் என்று விருந்தினர்களுக்குச் சொல்லவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். பாதி மிச்சம் இருக்கிறது. 4 மணி வரை மேசையில் இருந்தது, பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தோம். எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

கரண்டி (வியாழன், இரவு 7.45)

மகிழ்ச்சி. ஓவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் நேரப்படி மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. 12.50-க்கு எடுத்ததை 2 மணி வரை ஃபாயிலில் மூடி வைத்திருந்தாலும் அந்த நேரமும் கணக்கில் சேரும். மேசையிலேயே வெட்டி வைத்திருந்த துண்டுகளை எறிந்துவிடுங்கள் என்றே சொல்வேன். வெட்டாமல் எலும்போடு ஓவனுக்குள்ளோ சூடு குறையாத இடத்திலோ 140 டிகிரிக்கு மேல் இருந்த பகுதி ஏதாவது இருந்தால் மட்டும், எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது மூன்று நான்கு நாள் இருக்கும். மீண்டும் சுடவைக்கும்போது 165 டிகிரி வர வேண்டும்.

மாதுளை (வியாழன், இரவு 8.05)

எல்லாமே மேசையில் இருந்ததுதான். மனம் வரவில்லை, ஆனாலும் எறிந்துவிட்டேன். சுண்டவைத்த கிரேவி மட்டும் அடுப்பில் கொதித்தபடியே இருந்ததால் தப்பித்தது.