வளரும் பிள்ளையின் தட்டில் கை வைத்தேன்: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

8ஆம் வகுப்பு மகளின் அம்மா

என் மகளுக்கு 13 வயது. போன வருஷம் அவளுக்கு நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். இதே வயதில் பிள்ளை வைத்திருக்கிற யாராவது ஒருவர் படித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டால் போதும்.

12 வயது முடிகிற சமயம் அவளுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை போட்டது. வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "என்ன, பாப்பா நல்லா வெயிட் போட்டுட்டா போலிருக்கே" என்றார். அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அன்று ராத்திரியே போனில் அவள் உயரத்தையும் எடையையும் போட்டு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) பார்த்தேன். மறுநாளிலிருந்து அவள் தட்டில் பாதியைக் குறைத்தேன். ராத்திரிக்கு ஒரு ஆப்பிள், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் காலைச் சாப்பாட்டையும் அவளாகவே விட்டுவிட்டாள். பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மூன்று மாதம் போயிருக்கும். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்து நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டே இருப்பாள். வெயிலுக்குச் சாப்பிடுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் பள்ளியில் வரிசையில் நிற்கும்போது மயங்கி விழுந்தாள்.

டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 9.1. இந்த வயதில் 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. "ஐஸ் சாப்பிடறாளா?" என்று அவராகவே கேட்டார். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அப்படி ஒரு ஆசை வருமாம். போன வருஷத்திலிருந்து அவளுக்கு மாதவிடாய் வருகிறது. மாதாமாதம் இரத்தம் போகிற, உடம்பும் வேகமாக வளர்கிற சமயத்தில்தான் நான் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன்.

அப்புறம் வளர்ச்சி அட்டவணையை விரித்து அவளுடைய பழைய எடைகளைப் புள்ளி புள்ளியாக வைத்தார். சின்ன வயதிலிருந்து அவள் எந்தக் கோட்டை ஒட்டி வளர்ந்தாளோ, அதே கோட்டில்தான் போன வருஷமும் இருந்திருக்கிறாள். பருவம் வரும்போது பெண்பிள்ளைகளுக்கு இடுப்பில் கொழுப்பு சேர்வது இயல்பு. பெரியவர்களின் பிஎம்ஐ எண்களை இவர்களுக்கு வைத்துப் பார்க்கக் கூடாது, அந்தந்த வயதுப் பெண்பிள்ளைகளோடுதான் ஒப்பிட வேண்டும் என்றார். கடைசிப் புள்ளி மட்டும் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அது நான் வைத்த புள்ளி.

இப்போது இரும்பு மாத்திரை கொடுக்கிறேன். மாத்திரையோடு ஆரஞ்சோ எலுமிச்சைச் சாறோ, ஏனென்றால் வைட்டமின் சி இருந்தால் உடம்பு இரும்பை நன்றாக உட்கிரகிக்கும். டீ, காபி, பால் எதுவும் அந்த நேரத்தில் இல்லை. இரத்தம் ஏறிவிடும். ஆனால் இப்போதும் எதை எடுத்தாலும் என் முகத்தைப் பார்த்து, "அம்மா, இதை நான் சாப்பிடலாமா?" என்று கேட்கிறாள். இதை எப்படி மாற்றுவது? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர், 19 வருட அனுபவம்

சகோதரி, உங்கள் மகளைப் போல வரிசையில் சாயும் பிள்ளைகளை நான் நிறையத் தூக்கியிருக்கிறேன். முதலில் கேட்பது "காலையில என்ன சாப்பிட்ட?" என்பதுதான். பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. சில பேருக்கு நேரமில்லை, சில பேர் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். இரண்டாவது வகை இப்போது கூடிக்கொண்டே வருகிறது. அதுதான் எனக்குக் கவலை.

என் பங்குக்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 13 வயது, கால்பந்து என்றால் உயிர். ஆறே மாதத்தில் மளமளவென்று உயர்ந்தான். திடீரென்று பயிற்சியில் நொண்ட ஆரம்பித்தான். ஓடச் சொன்னால் பின்தங்குவான், குதிக்கச் சொன்னால் முகம் சுளிப்பான். சோம்பேறித்தனம் என்று எண்ணி, எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டிவிட்டு இன்னும் இரண்டு சுற்று ஓடச் சொன்னேன். மறுநாள் அவன் அம்மா வந்து அவன் காலைக் காட்டினார். முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல்கடை கீழே எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் லேசாகத் தொட்டேன், துள்ளிவிட்டான்.

ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்பார்கள். தொடைத் தசை முழங்கால் சில்லு வழியாக இறங்கிக் கீழ்க்கால் எலும்பைப் பிடித்திருக்கும் இடம் அது. வளரும் பிள்ளைக்கு அந்த இடம் இன்னும் முழு எலும்பாகியிருக்காது, குருத்தாக இருக்கும். எலும்பு சட்டென்று நீளும்போது தசை இறுகிப்போய் அந்தக் குருத்தைப் பிடித்து இழுக்கிறது. ஓட்டமும் குதியும் சேர்ந்தால் வீங்கிவிடும். பையன் பொய் சொல்லவில்லை, எனக்குத்தான் தெரியவில்லை. குதிப்பதை நிறுத்தி, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்யச் சொன்னார்கள். மெல்ல மெல்லச் சரியாகித் திரும்பவும் விளையாட வந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் எல்லோர் முன்னாலும்தான்.

அதற்காகப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடாதீர்கள். 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பு அசைய வேண்டும், அதில் வாரம் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலுவேற்றும் பயிற்சி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. குதித்தல், ஓடுதல், கயிறு தாண்டுதல் எல்லாமே எலும்பைக் கெட்டிப்படுத்தும். பெரியவர்களான பிறகு இருக்கப்போகும் எலும்பு வலுவில் பெரும்பகுதி 18, 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும், வலி வந்தால் நிறுத்த வேண்டும்.

12, 13 வயதில் பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மைதானத்தை விட்டுப் போகிறார்கள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கிட்டே போய்க் கேட்டால் காரணம் வேறு: ஓடும்போது மார்பு வலிக்கிறது, விளையாட்டுக்கேற்ற உள்ளாடை இல்லை, மாதவிடாய் நாளில் கறை பட்டுவிடுமோ என்ற பயம், பார்க்கிறவர்களின் பேச்சு. என் பள்ளியில் ஒரு ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு இதையெல்லாம் பேசிய பிறகு ஆறு பேர் திரும்பி வந்தார்கள்.

15 வயது மகனின் அப்பா

என் பிரச்சினை நேர் எதிர். பையனுக்கு உடம்பு ஏற வேண்டும், அதுவும் ஒரு மாதத்தில். புரோட்டீன் பவுடர் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். கூடவே ஜிம்மில் யாரோ கொடுத்தார்கள் என்று, பயிற்சிக்கு முன்னால் குடிக்கும் இன்னொரு பவுடர். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "அப்பா, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றான். கையை வைத்துப் பார்த்தேன், ஓடி வந்தவன் நெஞ்சு மாதிரி அடித்தது. டப்பாவைத் திருப்பிப் படித்தால், ஒரு கரண்டியில் மூன்று கப் காபிக்கு மேல் காஃபீன்.

அதற்கப்புறம் அவனையே உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். 14 முதல் 18 வயதுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.85 கிராம் புரதம் வேண்டும். அவன் 55 கிலோ, ஆக ஏறக்குறைய 47 கிராம். இரண்டு முட்டையில் 12, இரண்டு பெரிய டம்ளர் பாலில் 16, ஒரு பெரிய கிண்ணம் வெந்த பருப்பில் 18. தானியத்தில் வருவதைச் சேர்க்காமலே கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. பயிற்சி செய்கிறவனுக்குக் கொஞ்சம் கூடத் தேவைப்படலாம். இன்னொரு முட்டையும் ஒரு கைப்பிடி கடலையும் அதற்குப் போதும். "அப்ப இந்த டப்பா எதுக்குப்பா?" என்று அவனே கேட்டான்.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று நான் பயந்ததும் தவறு. தெரிந்தவர் பக்கத்தில் நின்று முறையைச் சொல்லிக்கொடுத்து, குறைந்த எடையில் தொடங்கினால் வளர்ச்சியை அது பாதிப்பதில்லை. தன்னால் முடிகிற உச்ச எடையைப் போட்டி போட்டுத் தூக்குவதுதான் ஆபத்து.

அவனுக்குக் குறைந்தது தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. அவன் தூங்கியது ஆறு. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. இந்த வயதில் தூக்கம் வருவதே தாமதமாகத்தான் வரும், உடம்பின் கடிகாரம் அப்படி மாறுகிறது. அதனால் திட்டவில்லை. எங்கள் எல்லோர் போனும் பத்து மணிக்குக் கூடத்தில் சார்ஜுக்குப் போகிறது, என்னுடையதும் சேர்த்துத்தான். முதல் வாரம் பெரும் சண்டை. இப்போது பழகிவிட்டது.

இன்னொரு அம்மா

எங்கள் வீட்டில் முட்டை, மீன், இறைச்சி கிடையாது. பருப்பு, கீரை, பால் எல்லாம் கொடுத்தும் மகனுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்றான். பார்த்தால் வைட்டமின் பி12 குறைவு. செடியிலிருந்து வரும் உணவில் அது கிடைப்பதில்லை, பால் தயிரில் ஓரளவுதான் கிடைக்கும். சைவக் குடும்பங்கள் ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முன்னாள் ஓட்ட வீராங்கனை, 24 வயது

அக்கா, உங்கள் மகள் கேட்கிற அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

16 வயதில் 1,500 மீட்டர் ஓடினேன். இரண்டு கிலோ குறைந்தபோது நேரமும் குறைந்தது. பயிற்சியாளர் பாராட்டினார். இன்னும் குறைத்தேன். மாதவிடாய் நின்றது. தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன், யாரும் கேட்கவும் இல்லை. ஏழாவது மாதம் கீழ்க்கால் எலும்பில் வலி. ஓடினால் மட்டும் வந்த வலி, பிறகு நடந்தாலே வந்தது, கடைசியில் படுத்தாலும் போகவில்லை. ஸ்கேனில் எலும்பில் கீறல் விழுந்திருந்தது, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

ஓட்டத்துக்குச் செலவான சக்தி போக மிச்சம் உடம்புக்குப் போதவில்லை என்றால், அது அவசரமில்லாத வேலைகளை முதலில் நிறுத்துகிறது. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு கெட்டியாகாது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்கு ரெட்-எஸ் (RED-S, விளையாடுகிறவர்களுக்கு வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது, பையன்களுக்கும் வரும். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், விளையாடுகிற பெண்ணுக்கு அது சகஜம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

என் அம்மா செய்தது இதுதான். எடை மெஷினை வீட்டை விட்டு எடுத்தார். "இளைச்சுட்ட", "தேறிட்ட" இரண்டையும் சொல்வதை நிறுத்தினார். சாப்பாட்டை மேசை நடுவில் வைத்து, எனக்கு எதிரே உட்கார்ந்து அவரும் அதையே சாப்பிட்டார். அதுவரை அவர் தனக்கென்று கொஞ்சமாகத்தான் போட்டுக்கொள்வார், நான் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். "சாப்பிடலாமா?" என்று நான் கேட்டால் சரி என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். "பசிக்குதாடா?" என்று மட்டும் கேட்பார். பதிலை நானே யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு வருஷம் ஆனது, அக்கா. மறைத்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, ஒரேயடியாக ஒதுக்குவது என்று ஏதாவது தெரிந்தால் நாங்கள் செய்த மாதிரி தள்ளிப்போடாமல் மனநல உதவியும் தேடுங்கள்.

8ஆம் வகுப்பு மகளின் அம்மா

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, உங்கள் பதிலைப் படித்துவிட்டு என் தட்டைப் பார்த்தேன். நானும் அப்படித்தான் போட்டுக்கொள்கிறேன்.

மூன்று வாரம் முயற்சி செய்துவிட்டு எழுதுகிறேன். "பசிக்குதாடா?" என்று முதல் தடவை கேட்டபோது விழித்தாள், பதில் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டாள். போன வாரம் "ஆமா" என்றாள். நேற்று சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் எதுவும் கேட்காமல் அவித்த முட்டை இரண்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அந்த உறவுக்காரரிடமும் பேசிவிட்டேன், இனிமேல் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது என்று.

ஹீமோகுளோபின் 10.8-க்கு வந்திருக்கிறது. அது 12-ஐத் தாண்டினாலும் உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் மாத்திரை தொடர வேண்டுமாம். ஆசிரியர் சொன்ன கயிறு தாண்டுவதைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். இப்போதைக்கு நடை மட்டும், அடுத்த பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் குதிக்கட்டும் என்றார். தினமும் அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறோம். கயிறு வாங்கி வைத்துவிட்டேன், நீளம் அவள் உயரத்துக்கு அளந்ததுதான்.