கேஜ்னா எந்த கேஜுங்க?

கோயமுத்தூர்ல கேஜ்னா கம்பி, திருப்பூர்ல ஊசி, மேட்டுப்பாளையத்துல தண்டவாளம். சொல் ஒண்ணுதான். கூடச் சொல்ற நம்பர் எதைக் குறிக்குதுன்னு கேக்காம வேலையை ஆரம்பிச்சா சரக்குதான் வீணாகுது. அவங்கவங்க தொழில்ல அது எப்படி வருதுன்னு எழுதுங்க.

பீளமேடு, மோட்டார் காயில் கட்டுறவர்:
எங்களுக்கு கேஜ் ஏற ஏறக் கம்பி மெலியும். 18 கேஜ் 1.219 மி.மீ., 20 கேஜ் 0.914, 21 கேஜ் 0.813. 18 கிடைக்கலைன்னா ரெட்டைக் கம்பியாப் போட்டுச் சுத்துவாங்க, தப்பு நடக்கிற இடமே அதுதான். விட்டத்தைப் பாதியாக்கிக் கணக்குப் போடக் கூடாதுங்க, விட்டத்தோட வர்க்கத்தைப் பாக்கணும். 18க்கு வர்க்கம் 1.49. 21 கேஜ் ரெண்டு போட்டா 1.32தான் வரும். தாமிரம் 11 சதவீதம் குறையுது, லோடுல மோட்டார் சுட்டு, கம்பி மேல இருக்கிற எனாமல் பூச்சு கருகிரும். 20 கேஜ் ரெண்டுன்னா 1.67. தாமிரம் தாராளம், ஆனா கம்பி உக்கார்ற ஸ்லாட்டுக்குள்ள (காடிக்குள்ள) அடங்காது. மூங்கில் குச்சியால அடிச்சு இறக்கினா எனாமல் உரிஞ்சு ஷார்ட் ஆகும். 20 ஒண்ணு, 21 ஒண்ணு சேத்தா 1.50, கச்சிதமா உக்காரும்.

பழைய கம்பியை அளக்கும்போது எனாமலை நெருப்புல காட்டித் துணியால துடைச்சிட்டு மைக்ரோமீட்டர்ல வைங்க. கத்தியால சுரண்டினா தாமிரமும் சேந்து போயிரும். இன்னொண்ணு, அமெரிக்க கேஜ் தனிக் கணக்கு. அவங்க 20 கேஜ் தடிமன்தான் நம்ம 21.

திருப்பூர், நிட்டிங்:
இங்க கேஜ்னா சிலிண்டர் சுத்தளவுல ஒரு இன்ச்சுக்கு எத்தனை ஊசிங்கறது. 30 இன்ச் டயா, 24 கேஜ்னா 2,260 ஊசி வாக்குல இருக்கும். சிங்கிள் ஜெர்சிக்கு (சாதா பனியன் துணி) எந்த நூல்னு பாக்க, கேஜை கேஜாலயே பெருக்கி 18ஆல வகுங்க. 24க்கு 32 கவுண்ட் வரும் (கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும்), அதனாலதான் அதுல 30, 34 ரெண்டும் ஓடுது. அதே மெஷின்ல 20 கவுண்ட் ஏத்தினா தடிமன் தாங்காம ஊசிக் கொக்கி ஒடியும், துணியில ஓட்டை விழும். அதையாவது உடனே பாத்திரலாம். 20 கேஜ்ல 40 கவுண்ட் விட்டா சத்தமில்லாம ஓடிட்டே இருக்கும். துணி லூசா இறங்கும், பனியன் தைச்சுத் துவைச்ச பிறகு பக்கத் தையல் திருகிட்டு முன்னால வந்து நிக்கும்.

மேட்டுப்பாளையம்:
சென்னையில இருந்து வர்ற நீலகிரி எக்ஸ்பிரஸ் ஓடறது 1,676 மி.மீ. பிராட்கேஜ்ல, ஊட்டி ரயில் 1,000 மி.மீ. மீட்டர்கேஜ்ல. இங்க இறங்கி வண்டி மாற வேண்டியதுதான்.

கணபதி, லேத்துப் பட்டறை:
எங்க பிளக் கேஜ், அதாவது துளைக்குள்ள விட்டுப் பாக்கற உருளை, அளவு சொல்லாது, ஆகும் ஆகாதுன்னு மட்டும் சொல்லும். 25 மி.மீ. எச்7 (துளை அளவு எவ்வளவு கூடலாம்ங்கற வரம்பு) துளைக்கு கோ பக்கம் 25.000, நோ-கோ பக்கம் 25.021. கோ அழுத்தாமலே இறங்கணும், நோ-கோ வாயிலயே நிக்கணும். கடைஞ்ச சூட்டோட விட்டுப் பாக்காதீங்க. வார்ப்பிரும்பு 20 டிகிரி கூடுதல் சூட்டுல இருந்தா துளை 5 மைக்ரான் விரிஞ்சு காட்டும். ஆறினதும் பேரிங் ஏறாது.

உடுமலை, சொட்டுநீர்:
பில்டருக்கு முன்னால ஒரு பிரஷர் கேஜ், பின்னால ஒண்ணு வைங்க. பின்னாலது மட்டும் இருந்தா, முள் இறங்கினதும் மோட்டார்தான் இழுக்கலைன்னு தோணும். ரெண்டுக்கும் அரை கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு) மேல வித்தியாசம் வந்தா அடைப்பு பில்டர்லதான், கழட்டிக் கழுவுங்க.