அமெரிக்கக் கடற்படையில் பகுதிநேரப் பொறியியல் அதிகாரியாக மகன் சேர விரும்புகிறான்: விவரம் அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

கல்லடி ஆசிரியை (மட்டக்களப்பு)

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. என் மூத்த மகன் டெக்சாஸ் மாநிலத்தில் குடிசார் பொறியியலில் இளமானிப் பட்டம் பெற்று, அங்கேயே பாலங்களை வடிவமைக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறான். அண்மையில் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டான். இப்போது அமெரிக்கக் கடற்படையின் குடிசார் பொறியியலாளர் பிரிவில் ஒதுக்குப்படை அதிகாரியாகச் சேர விண்ணப்பிக்கப் போவதாகக் கூறுகிறான். மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் வருடத்தில் இரண்டு கிழமையும் மட்டுமே வேலை, மற்ற நாட்களில் வழமைபோல அலுவலகம் செல்லலாம், துப்பாக்கி தூக்கும் வேலை அல்ல, கட்டுமான வேலைதான் என்று தொலைபேசியில் என்னைச் சமாதானப்படுத்துகிறான்.

படை என்ற சொல்லைக் கேட்டாலே இந்தப் பக்கத்துத் தாய்மாருக்கு என்ன தோன்றும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஆயினும் அவன் வளர்ந்த பிள்ளை. மறிப்பதற்காக இதை எழுதவில்லை, அறிந்துகொள்ளவே எழுதுகிறேன். மாதத்தில் இரண்டு நாள் என்பது உண்மைதானா, அல்லது ஒருநாள் முழுநேரமாக அழைத்துக்கொண்டு போவார்களா? அப்படி அழைத்தால் நிறுவனத்தில் அவனுடைய வேலை என்னாகும்? இவற்றைவிட என்னைக் குழப்புவது இன்னொரு விடயம். விண்ணப்பத்துக்காக என்னுடைய, என் கணவருடைய, மற்றப் பிள்ளைகளுடைய பிறந்த திகதிகள், முகவரிகள், தொழில் விவரங்கள் அனைத்தையும் கேட்கிறான். என் இளைய மகன் பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர். இந்த விவரங்கள் வெளிநாட்டு அரசொன்றின் கைக்குப் போவதால் இங்குள்ள எவருக்காவது இடைஞ்சல் வருமா?

களுவாஞ்சிக்குடியான் (சான் டியாகோ)

வணக்கம் ரீச்சர். நான் உங்கள் மகன் சேர விரும்பும் அதே பிரிவில் ஒதுக்குப்படை அதிகாரியாக இருக்கிறேன். வார நாட்களில் மாநகராட்சி ஒன்றின் வடிகால் பொறியியலாளர்.

மாதத்தில் இரண்டு நாள் என்று மகன் கூறியது பொய்யல்ல. ஆனால் அது மிகக் குறைந்த அளவு. அந்த இரண்டு நாட்கள் நான்கு பயிற்சி வேளைகளாகக் கணக்கிடப்பட்டு, நான்கு நாட்களுக்குரிய அடிப்படைச் சம்பளம் வழங்கப்படுகிறது. வருடத்துக்கு இவ்வாறு 48 வேளைகள், அதற்கு மேலதிகமாகச் சுமார் இரண்டு கிழமை வருடாந்தப் பயிற்சி. அதிகாரி என்பதால் ஆட்களின் பயிற்சிப் பதிவுகள், மதிப்பீட்டு அறிக்கைகள், அடுத்த மாதத்துக்கான திட்டம் என்று பல மாலை நேரங்கள் சம்பளமின்றியே இதற்குப் போய்விடும். இதை எந்த ஆட்சேர்ப்பு அதிகாரியும் முதல் சந்திப்பில் சொல்வதில்லை.

வேலையின் இயல்பைப் பார்த்தால், இந்தப் பிரிவு 1867 ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. கடற்படைத் தளங்களிலுள்ள கட்டடங்கள், இறங்குதுறைகள், நீர், மின்சாரம் ஆகியவற்றைப் பராமரிப்பது ஒரு பக்கம். கட்டுமான ஒப்பந்தங்களை மேற்பார்வை செய்வது இன்னொரு பக்கம். மூன்றாவது, ‘சீபீ’ எனப்படும் கட்டுமானப் படையணிகளில் ஆட்களை வழிநடத்துவது. முதல் இரண்டும் நமது கட்டடத் திணைக்களத்துப் பொறியியலாளர் செய்யும் வேலையிலிருந்து அதிகம் வேறுபடாதவை. மூன்றாவதில் ஓடுபாதை திருத்தல், கிணறு தோண்டல், பாலம் போடுதல் ஆகியவற்றோடு முகாமைக் காவல் காப்பதும் அடங்கும். எனவே துப்பாக்கி தூக்கும் வேலை அல்ல என்று அவர் உங்களிடம் கூறியது முழு உண்மையல்ல. ஆயுதப் பயிற்சி உண்டு, நான் எடுத்திருக்கிறேன்.

முழுநேரமாக அழைப்பார்களா என்றால், அழைக்கலாம். ஜனாதிபதியின் உத்தரவின்பேரில் ஒதுக்குப்படையினரை அவர்களது விருப்பத்தைக் கேளாமலே 365 நாட்கள் வரை பணிக்கு அழைக்கச் சட்டத்தில் இடமுண்டு. தேசிய அவசரநிலை பிரகடனப்படுத்தப்பட்டால் இந்த எல்லை 24 மாதங்கள். சேரும்போது ஏற்கும் கடப்பாடு பொதுவாக மொத்தம் எட்டு ஆண்டுகள். ஆகவே உங்கள் மகன் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, மாதத்தில் இரண்டு நாட்களை ஒதுக்க முடியுமா என்பதல்ல. இந்த எட்டு ஆண்டுகளில் ஏதாவது ஓர் ஆண்டு தன் கையில் இல்லாமற் போனால் வீடும் வேலையும் தாங்குமா என்பதே. அதற்கு ஆம் என்று சொல்லக்கூடியவர் சேரலாம். இரண்டு நாட் கணக்கை நம்பி மட்டும் எவரும் சேரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வேலையைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. 1994 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, படைப் பணிக்காகச் சென்றவரை, அவர் போகாமல் இருந்திருந்தால் எந்த நிலையை அடைந்திருப்பாரோ அந்த நிலையிலேயே நிறுவனம் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; ஒரே நிறுவனத்தில் இவ்வாறு மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை, சில விலக்குகளுடன், பாதுகாப்பு உண்டு. சட்டம் கதிரையைக் காப்பாற்றும். மேலாளரின் முகமலர்ச்சியைக் காப்பாற்றாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நன்மைகளும் இருக்கின்றன. குறைந்த கட்டணத்தில் குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்புறுதி கிடைக்கிறது. அமெரிக்காவில் வாழ்பவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். தகுதியான இருபது ஆண்டுகளை நிறைவு செய்தால், பொதுவாக அறுபது வயதில் ஓய்வூதியம் தொடங்கும். பதவிநிலையோ பெரும்பாலும் என்சைன் எனப்படும் அடிமட்ட அதிகாரியிலிருந்தே ஆரம்பமாகும். வெளியில் சிரேஷ்ட பொறியியலாளராக இருப்பவருக்கு இது சற்றுச் சங்கடமாக இருக்கலாம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: கடைத்தெருவில் இருக்கும் சாதாரண ஆட்சேர்ப்பு நிலையத்துக்குப் போக வேண்டாம் என்று மகனிடம் கூறுங்கள். அங்கே இருப்பவர்களின் வேலை படைவீரர்களைச் சேர்ப்பது. அதிகாரிகளைச் சேர்ப்பதற்கெனத் தனி அலுவலர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் மூலமாகவே தெரிவுக் குழுவுக்கு விண்ணப்பம் போக வேண்டும். தெரிவானால் நியூபோர்ட்டில் அதிகாரிகளுக்கான ஆரம்பப் பயிற்சியும், கலிபோர்னியாவின் போர்ட் வைனீமியில் பொறியியல் அதிகாரிகளுக்கான பாடநெறியும் இருக்கும். நீச்சற் சோதனையும் உண்டு: ஆழமான நீரில் குதித்தல், 50 யார் நீந்துதல், ஐந்து நிமிடம் குப்புற மிதத்தல். கல்லடியில் வளர்ந்தவருக்கு இது ஒரு பொருட்டாக இராது என்று நினைக்கிறேன்.

குடும்ப விவரங்கள் பற்றிய கேள்விக்குச் சற்று நேரம் எடுத்துத் தனியாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் (அம்பாறை)

தம்பி எழுதியது மிகவும் தெளிவாக இருக்கிறது. துப்பாக்கி பற்றிய பகுதிக்கு மட்டும் நான் கொஞ்சம் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அந்தக் கதையில் எங்கள் அம்பாறைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

இங்கினியாகலையில் 1949 இல் வேலை தொடங்கிய கல்லோயா அணைக்கட்டைக் கட்டிய அமெரிக்க நிறுவனம் மொரிசன் நட்சன் என்பது இந்தப் பக்கத்துப் பழைய பொறியியலாளர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே நிறுவனம் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் பசிபிக் சமுத்திரத்திலுள்ள வேக் தீவில் அமெரிக்கக் கடற்படைக்காக விமானத் தளம் கட்டிக்கொண்டிருந்தது. 1941 டிசம்பர் 23 ஆம் திகதி ஜப்பானியர் அத்தீவைக் கைப்பற்றியபோது அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரணக் கட்டுமானத் தொழிலாளர்கள் அகப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் கைதிகளாக வேறிடங்களுக்குக் கொண்டு செல்லப்பட, தீவிலேயே வேலைக்காக வைத்திருக்கப்பட்ட 98 பேர் 1943 ஒக்டோபரில் கொல்லப்பட்டார்கள்.

சீருடை அணியாத தொழிலாளி ஆயுதம் எடுத்து எதிர்த்தால் யுத்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. எதிர்க்காமல் இருந்தாலும் காப்பாற்ற ஆளில்லை. இந்த இக்கட்டைத் தீர்ப்பதற்காகவே, கடற்படையின் குடிசார் பொறியியலாளர் பிரிவைச் சேர்ந்த அட்மிரல் பென் மொரீல், மேசன்மாரையும் தச்சரையும் யந்திர ஓட்டுநர்களையும் சீருடையில் சேர்த்து ஆயுதப் பயிற்சி கொடுத்துக் கட்டுமானப் படையணிகளை அமைத்தார். 1942 மார்ச் 5 அவற்றின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. அதாவது, சீபீகள் உருவானதற்கான காரணமே கட்டுபவனும் சண்டை பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். ‘நாங்கள் கட்டுகிறோம், நாங்கள் போரிடுகிறோம்’ என்பதே அவர்களுடைய வாசகம். ஆகவே உங்கள் மகன் கட்டுமானம் மட்டும்தான் என்று கூறினால், அவர் உங்களுடைய மனத்துக்காகக் கூறுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாட்டிலும் தொண்டர் படை 1881 ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. பகல் வேலையும் ஓய்வு நாளில் அணிநடையுமாகத் தொடங்கிய அந்தப் படையின் அணிகள் யுத்த காலத்தில் முழுநேரமாகவே களத்தில் நின்றதை நாமே கண்டோம். பகுதிநேரம் என்பது சமாதான காலத்து ஏற்பாடு. அது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, நான் அவரைத் தடுக்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். சுனாமிக்குப் பின்னர் அறுகம்பைப் பாலம் போய்ப் பொத்துவிலுக்கும் பாணமைக்கும் இடையே தரைவழி துண்டிக்கப்பட்டிருந்த நாட்களை நான் பார்த்தவன். கேள்விப்பத்திரம் கோரி, விலை ஒப்பிட்டு, அனுமதி பெற்று ஒரு மதகு போடுவதற்கு என் திணைக்களத்துக்கு மாதங்கள் தேவைப்படும். ஆட்களும் யந்திரங்களும் உணவும் எரிபொருளும் ஒரே கட்டளையின் கீழ் இருக்கும் அமைப்பு எத்தனை வேகமாக இயங்கும் என்பதைக் கண்ட எந்தப் பொறியியலாளருக்கும் அதில் ஓர் ஈர்ப்பு வரத்தான் செய்யும். உங்கள் மகனுக்கும் அதுவே வந்திருக்கலாம்.

களுவாஞ்சிக்குடியான் (சான் டியாகோ)

ஐயாவுக்கு நன்றி. வேக் தீவு பற்றிப் பயிற்சியில் படித்திருக்கிறேன். அந்த நிறுவனம்தான் இங்கினியாகலைக்கு வந்தது என்பது எனக்குப் புதிய செய்தி.

ரீச்சர், இப்போது குடும்ப விவரங்கள். அதிகாரிகளுக்கு இரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி தேவை, அதற்காக எஸ்.எப்.-86 என்ற நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். பெற்றோர், சகோதரர், மனைவியின் பெற்றோர் என்று உயிரோடிருப்பவர், இறந்தவர் எல்லோரும் அதில் வருவார்கள். வெளிநாட்டு அரசில் வேலை செய்யும் உறவினர் பற்றித் தனியாகக் கேட்பார்கள். எனவே இளைய மகனின் பிரதேச செயலக உத்தியோகத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டில் உள்ள காணி, வங்கிக் கணக்கு, வெளிநாட்டுப் பயணங்கள் ஆகியவையும் அப்படியே.

இவ்விவரங்கள் விண்ணப்பதாரர் மீது வெளியிலிருந்து எவராவது அழுத்தம் கொடுக்க முடியுமா என்று எடைபோடுவதற்காகவே கேட்கப்படுகின்றன. நானறிந்தவரை எவரும் கல்லடிக்கு வந்து கதவைத் தட்டியதில்லை. என் குடும்பத்தவரிடமும் யாரும் வரவில்லை. வெளிநாட்டில் உறவினர் இருப்பது அதனளவில் தகுதியீனம் அல்ல. அதை மறைப்பதுதான் தகுதியீனம், தெரிந்தே பொய் எழுதுவது குற்றமும்கூட. அனுமதி கிடைத்த பின்னர், தனிப்பட்ட வெளிநாட்டுப் பயணத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மாமாங்கத் தீர்த்தத்துக்கு விடுமுறையில் வருவதாக இருந்தாலும் அறிவித்துவிட்டுத்தான் வரவேண்டும்.

ஹியூஸ்டன் மருமகள் (சொந்த ஊர் ஆரையம்பதி)

என் கணவரும் ஒதுக்குப்படையில்தான் இருக்கிறார், வேறு பிரிவு. அவர் அழைக்கப்பட்டு வெளிநாடு சென்றிருந்தபோது சம்பளம் ஒழுங்காக வந்தது, வேலையும் காத்திருந்தது. சட்டத்தில் எழுதியதெல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் கைக்குழந்தையோடு நான் தனியாக நின்றேன். பாடசாலை, மருத்துவர், வீட்டுக் கடன், வாகனத் திருத்தம் எல்லாம் ஒருவரின் தலையில் விழுந்தன. அம்மா, உங்கள் மகனுக்குத் திருமணமாகியிருந்தால், விண்ணப்பத்துக்கு முன்னர் மருமகளின் சம்மதத்தை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தாயிடம் கேட்பதற்கு முன்னரே மனைவியிடம் கேட்டிருக்க வேண்டிய விடயம் இது.

கல்லடி ஆசிரியை (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் நன்றி. மருமகளுடன் நேற்று இரவு கதைத்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் பாதி சொல்லப்பட்டிருக்கிறது. அழைப்பு வரலாம் என்பதை மகனும் இப்போது வெளிப்படையாக ஒத்துக்கொண்டான். அதன் பிறகு விவரங்களைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். என் கணவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து மாறியும், ஓய்வூதிய ஆவணத்தில் முதலெழுத்துகளோடும் இருக்கிறது. என் மாமியாரின் சான்றிதழ்களோ 1990 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டன. பிறந்த வருடமே எங்களுக்கு நிச்சயமில்லை. மகன் அவரையும் எழுத வேண்டுமா? என் பெயரில் உள்ள வளவு பிற்காலத்தில் அவனுக்குத்தான். அதையும் இப்போதே காட்ட வேண்டுமா?

களுவாஞ்சிக்குடியான் (சான் டியாகோ)

பாட்டியாரை அந்த உறவினர் பட்டியலில் எழுத வேண்டியதில்லை, ரீச்சர். பெற்றோர், சகோதரர், பிள்ளைகள், மனைவி பக்கத்துப் பெற்றோர் ஆகியோரே முக்கியமாகக் கேட்கப்படுகிறார்கள். திகதி நிச்சயமில்லாத எந்த இடத்திலும் ‘உத்தேசம்’ என்று குறிப்பதற்குப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது. ஊகத்தை நிச்சயம்போல எழுதுவதைவிட அந்தக் கட்டத்தில் அடையாளமிடுவதே நல்லது. கணவரின் பெயரைப் பொறுத்தவரை, முதன்மையாகக் கடவுச்சீட்டில் உள்ளபடி, அது இல்லாவிட்டால் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதி, மற்ற வடிவங்களை ‘பயன்படுத்திய வேறு பெயர்கள்’ என்ற பகுதியில் ஒன்றுவிடாமல் சேர்க்கச் சொல்லுங்கள். வளவு இன்று உங்கள் பெயரில் இருக்கும்வரை அது உங்களுடைய சொத்து. ஆனால் எதிர்காலத்தில் கிடைக்கவிருக்கும் வெளிநாட்டுச் சொத்தைப் பற்றியும் ஒரு கேள்வி இருப்பதால், மரணசாசனமோ நன்கொடை உறுதியோ ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் அதை அவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

இன்னொன்று: அமெரிக்கக் குடியுரிமை பெற்றதோடு இலங்கைக் குடியுரிமை பொதுவாக அற்றுப்போகிறது, இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பித்தால்தான் அது மீளக் கிடைக்கும். மகன் அப்படி விண்ணப்பித்திருந்தாலும், விண்ணப்பிக்க எண்ணியிருந்தாலும், அதிகாரி ஆட்சேர்ப்பு அலுவலரிடம் முதற் சந்திப்பிலேயே கூறிவிடட்டும். இரட்டைக் குடியுரிமை மட்டுமே காரணமாக அனுமதி மறுக்கப்படுவதில்லை, ஆனால் விசாரணையின் நடுவில் தெரியவந்தால் கோப்பு மாதக்கணக்கில் மேசையிலேயே கிடக்கும்.