மறு: ‘ஹியரிங்’ – விசாரணையா, கேட்பா?

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இழை நீண்டுகொண்டே போகிறது, நான் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இப்போது நடுவில் நுழைவதற்குக் காரணம், என் கையில் இருக்கும் மொழிபெயர்ப்பு வேலை ‘ஹியரிங்’ (hearing) என்ற இந்த ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சட்டமன்றக் குழு வெளியாட்களைக் கூப்பிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்கும் கூட்டம் அது, தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. டெக்சஸ் மாநிலச் சட்டமன்றக் குழுக்களில் பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள், அந்தப் பழைய ஆவணங்களை எப்படித் தேடி எடுப்பது என்று ஒரு கட்டுரை. பக்கத்துக்குப் பத்து ‘ஹியரிங்’ வருகிறது.

> விசாரணை என்பது பத்திரிகைகளில் நிலைத்துவிட்ட சொல், அதையே வைத்துக்கொண்டால் என்ன?

நிலைத்துவிட்டது உண்மைதான் ஐயா. முதல் வரைவில் நானும் அதைத்தான் போட்டேன். ‘பள்ளியில் ஆலோசகரே இல்லை என்று ஒரு மாணவனின் தாய் விசாரணையில் சாட்சியம் அளித்தார்’ என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினால், வந்த முதல் கேள்வி: “பையன் என்ன பண்ணினான்?” அந்தக் கேள்வியோடு ‘விசாரணை’யை நான் கைவிட்டேன். ‘வாக்குமூலம்’ இன்னும் மோசம், நேராகக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும்.

> அப்படியானால் மசோதா விவாதம் என்று சொல்லிவிடலாம்.

இது சரிவராது, ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2018 மே 18 அன்று டெக்சஸின் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளி வன்முறை, பாதுகாப்பு பற்றி ஆராய மாநில செனட்டில் (மேலவையில்) ஒரு தனிக்குழு அமைத்து அந்தக் கோடையிலேயே மக்களையும் வல்லுநர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்போது மசோதாவே கிடையாது. அங்கே சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டில் 140 நாள்தான் வழக்கமாகக் கூடும், இடைப்பட்ட காலத்தில் குழுக்கள் இப்படி உட்கார்ந்து கேட்பது சகஜம். மசோதா வந்தது 2019இல். பிள்ளைகளின் மனநலத்துக்கு மருத்துவக் கல்லூரிகளை இணைத்து ஒரு கூட்டமைப்பு, பள்ளியிலிருந்தே தொலைமருத்துவ வசதி, இதெல்லாம் செனட் மசோதா 10இல் இருந்தன. அது கீழவையில் ஒரு விதிமுறை ஆட்சேபனையில் விழுந்துவிட, அதில் இருந்ததைத் தூக்கிப் பள்ளிப் பாதுகாப்பு பற்றிய மசோதா 11இல் ஒட்டவைத்து நிறைவேற்றினார்கள். ஆக இன்றைக்கு ஒருவர் சட்டமாகிப்போன 11இன் கோப்பை மட்டும் திறந்து பார்த்தால், மனநலக் கூட்டமைப்பைப் பற்றி வந்து பேசியவர்களின் பட்டியல் அங்கே இருக்காது, செத்துப்போன 10இன் கோப்பில் கிடக்கும். கேட்டது தனி நிகழ்வு, மசோதா தனி. சொல்லும் அப்படித் தனியாக நிற்க வேண்டும்.

தவிர அது விவாதமும் இல்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் வாதிடுவது விவாதம். இங்கே வெளியிலிருந்து ஒருவர் வந்து பேசுகிறார், அவர்கள் கேட்கிறார்கள் (கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் விதிப்படி கேட்கிறார்கள்).

‘கேட்பு’ என்று கோவை நண்பர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. திட்டங்களுக்கு முன்னால் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம் நமக்குத் தெரிந்த ஒன்றுதானே. ஆனால் வங்கியில் கேட்பு வரைவோலை, காப்பீட்டில் கேட்பு மனு என்று அந்தச் சொல் ஏற்கெனவே பணம் கேட்கப் போய்விட்டது. ‘செவிமடுப்பு’ எழுத நன்றாக இருக்கும், வாயால் சொன்னால் காதில் ஏதோ சிகிச்சை மாதிரி இருக்கிறது.

எனவே என் பரிந்துரை: கேட்பமர்வு. கேட்பு, அமர்வு இரண்டும் தெரிந்த சொற்கள், விளக்கம் வேண்டாம். கூட்டுக் கேட்பமர்வு, இடைக்காலக் கேட்பமர்வு, கேட்பமர்வு ஆவணம் என்று ஒட்டியும் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை. ‘கேட்பமர்வுப் பதிவு’ என்று மட்டும் பொதுப்படையாகப் போட வேண்டாம். பதிவு என்றால் ஒலிப்பதிவா, எழுத்தா என்று குழம்பும், டெக்சஸில் அது முக்கியம். அங்கே குழுக் கேட்பமர்வுகளுக்குச் சொல்லுக்குச் சொல் எழுத்துப் படி பெரும்பாலும் இருக்காது. சுருக்கமான நடவடிக்கைக் குறிப்பு, பேசியவர் பட்டியல், அப்புறம் ஒலி அல்லது காணொளி, அவ்வளவுதான். பழைய ஒலிநாடாக்கள் ஆஸ்டினில் மாநில நூலகம், ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ஒருவர் என்ன சொன்னார் என்று வேண்டுமென்றால் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

பேசுகிறவருக்கு ‘சாட்சி’ வேண்டாம், ‘எடுத்துரைப்பாளர்’ போதும் என்பது என் கருத்து. சொன்னது ‘எடுத்துரைப்பு’.

> எங்கட பக்கம் மனநல ஆலோசனை எண்டு எழுதினால் சனத்துக்கு விளங்கும், ஆனால் பழகின சொல் உளவளத்துணை தான்.

அக்கா, இதை நான் மறுக்கவே இல்லை. உளவளத்துணை அழகான சொல், கட்டுரையில் முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுகிறேன். ‘கேட்பமர்வு’ உங்கள் பக்கத்துக் காதுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், அமர்வு அங்கே நன்றாகவே புழங்குகிற சொல்லாயிற்றே.

கடைசியாக ஒரு முட்டுக்கட்டை. பேச வருகிறவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதில் மூன்று நிலை: மசோதாவை ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன், மூன்றாவது ‘ஆன்’ (on, அதாவது மசோதா ‘பற்றி’). இந்த மூன்றாவதில்தான் துறை அதிகாரிகள் பலர் வருவார்கள், எந்தப் பக்கமும் சாயாமல் தகவல் மட்டும் சொல்ல. ‘சார்பு’, ‘எதிர்ப்பு’ வரை சுலபம். மூன்றாவதற்கு ‘நடுநிலை’ என்று போட்டேன், ஆனால் உள்ளுக்குள் ஆதரவு இருந்தும் பதவி காரணமாக அந்தக் கட்டத்தில் குறியிடுகிறவரை நடுநிலை என்று எப்படிச் சொல்வது? ‘தகவல்’ என்று மட்டும் போட்டால் பட்டியலில் மொட்டையாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும், யாருக்காவது ஏதாவது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.