ஜெர்மனி விடுதியில் பானை பொங்க வைக்க முடியுமா?

மன்னார்குடிப் பெண் (ஆஹன்)

வணக்கம். உலோகவியல் மாஸ்டர்ஸ் படிக்க அக்டோபரில்தான் ஜெர்மனியின் ஆஹன் நகருக்கு வந்தேன். 2026 ஜனவரி 15, வியாழக்கிழமை பொங்கல். அன்று காலை பத்தரைக்கு லேப் இருக்கிறது, விட முடியாது. அது பரவாயில்லை. எனக்குப் பானை பொங்கி வழிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் குக்கர் பொங்கல் கிடையாது. சம்பா அறுப்பு எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் அப்பா அன்று காலை வயலுக்குப் போகமாட்டார். வாசலில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தென்னை மட்டையைத் தள்ளிக்கொண்டே இருப்பார். பால் மேலே ஏறி வரும்போது யாரும் பேசமாட்டோம். வழிந்ததும் தம்பி தாம்பாளத்தைத் தட்டிக் கத்துவான். இருபத்திரண்டு வருடமாக நான் தவறவிடாத நிமிடம் அது.

கிளம்பும்போது அம்மா சின்ன வெண்கலப் பானை ஒன்றைப் புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். எங்கள் வயல் பச்சரிசியும் ஒரு கிலோ இருக்கிறது. ஆனால் இங்கே பொதுச் சமையலறையில் இருப்பது கண்ணாடி மின்னடுப்பு. பானையின் அடி உருண்டை, வைத்தால் ஆடுகிறது. கூரையில் புகை அலாரம் வேறு. வெல்லமும் மஞ்சளும் எங்கே கிடைக்கும்? எத்தனை மணிக்கு வைப்பது? ஊரில் சூரியன் வரும்போது இங்கே இரவு இரண்டு தாண்டியிருக்கும்.

டார்ட்முண்ட் பழைய மாணவன்

வெண்கலப் பானையைக் கண்ணாடி அடுப்பில் ஏற்றாதீர்கள். அடி பதியாவிட்டால் சூடு ஏறாது. வெல்லப்பாகு சூடான கண்ணாடியில் வழிந்தால் மேல்பரப்பே பெயர்ந்து வரும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

முதலில் ஹவுஸ்மாய்ஸ்டரிடம் (விடுதிக் கட்டடப் பராமரிப்பாளர்) போய்ப் பேசுங்கள். பல விடுதிகளில் முற்றத்தில் கிரில் போட இடம் இருக்கும். அங்கே கேம்பிங் கேஸ் அடுப்பு வைக்க அனுமதி கேளுங்கள். மூன்று கால் அடுப்பில் உருண்டை அடி நன்றாக உட்காரும். அனுமதி கிடைக்காவிட்டால் தட்டை அடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் உள்ளேயே செய்யலாம். பாலும் தண்ணீரும் மட்டும் பொங்கட்டும். உடனே சூட்டைக் குறைத்து, கொஞ்சம் நீரை மொண்டு வைத்துவிட்டு அரிசியைப் போடுங்கள். அரிசி குழைந்த பிறகுதான் வெல்லம்.

முந்திரியைக் குறைந்த சூட்டில், ஜன்னலைத் திறந்து வைத்து வறுங்கள். அலாரத்தைத் துணி போட்டு மூடுவது சிலர் பழக்கம். தயவுசெய்து வேண்டாம், அது உயிர் விஷயம்.

யாழ்ப்பாண வடமராட்சி அக்கா

தங்கச்சி, நான் 1987இல் இந்த நாட்டுக்கு வந்தவள். முதல் தைப்பொங்கல் அகதி முகாமின் பொதுக் குசினியில். பச்சையரிசிக்கு எங்கே போவது? இங்கத்தைய ஆட்கள் பாலில் காய்ச்சும் குண்டு அரிசி, மில்ஷ்ரைஸ், அதில்தான் பொங்கினோம். நன்றாகக் குழைந்து வந்தது. சர்க்கரைக்கு, அதுதான் உங்கட வெல்லத்துக்கு, பதில் மண்ணிறச் சீனி. வறுத்த பயறு இல்லையே என்று அம்மாவை நினைத்து அழுதேன்.

இப்போது நிலைமை வேறு. எங்கட தமிழ்க் கடைகளில் பொங்கலுக்கு முதல் கிழமை போய்ப் பாருங்கோ. சர்க்கரை, மஞ்சள், சில இடங்களில் கரும்பும் வரும். ஊர்ப்பக்கம் கடை இல்லாவிட்டால் லத்தீன் அமெரிக்கக் கடையில் பனேலா கேளுங்கோ, அதுவும் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுப்பதுதான்.

நேரத்துக்கு ஏன் குழம்புகிறீர்கள்? சூரியனுக்குத்தானே பொங்கல். ஆஹனில் தை மாதம் அவர் எட்டரைக்குத்தான் எழும்புவார், நீங்களும் அப்போதே வையுங்கோ. சனி ஞாயிறு நேரம் கிடைத்தால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு வாங்கோ. ஆஹனில் இருந்து ஆர்.இ. 1 ரயில் ஹம் வரைக்கும் நேராக வரும், உங்கட செமஸ்டர் டிக்கெட்டே (மாணவர் பயணச் சீட்டு) போதும்.

மன்னார்குடிப் பெண் (ஆஹன்)

அக்கா, அண்ணா, பொங்கியாச்சு!

ஹவுஸ்மாய்ஸ்டர் ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி, முற்றத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தார். மஞ்சள் கொத்து கிடைக்கவில்லை, பச்சை மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டினேன். அரிசி மாவில் சின்னக் கோலம். எட்டு மணிக்கே வைத்துவிட்டேன். ஆனால் குளிரிலும் காற்றிலும் தீ பானையில் ஏறவே இல்லை. பக்கத்து அறை வியட்நாம் தோழி அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றாள். வானம் முழுக்க மேகம், சூரியனைப் பார்க்கவில்லை. எட்டே முக்காலுக்குப் பால் ஏறியது. தோழிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், இரண்டு பேரும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். மாடியில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. மூன்று வீட்டுக்கும் கிண்ணத்தில் கொடுத்துவிட்டுத்தான் லேப்புக்கு ஓடினேன்.

ஊரில் அப்போது மதியம் ஒன்றேகால். எல்லோரும் சாப்பிடாமல் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா "பால் பொங்கிருச்சா?" என்று கேட்டார். அப்பா எதுவும் பேசவில்லை. அப்பத்தாதான் போனைப் பிடுங்கி, எந்தப் பக்கம் வழிந்தது என்றார். கிழக்குப் பக்கம், அப்பத்தா.