கலைச்சொல்: டச்சுக் கூட்டுச்சொற்களுக்கு ‘அசைப்பிரிப்பு’ போதுமா?

> அகராதியில் ‘அசைப்பிரிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. டச்சில் அந்த ஒரு சொல் மூன்று வேலையைச் சுமக்க நேர்கிறது: ஒலியை அசைகளாகப் பிரிப்பது, சொல்லின் உறுப்புகள் சேருமிடத்தைக் காட்டுவது, வரி முடிவில் சொல்லை உடைப்பது. ‘க்வார்ட்ஸ்லாகன்’ பாருங்கள். க்வார்ட் + ஸ்லாகன் என்றால் கால் திருப்பங்கள். க்வார்ட்ஸ் + லாகன் என்றால் குவார்ட்ஸ் கல்லின் அடுக்குகள். இரண்டிலும் அழுத்தம் முதலசையில்தான், எல்லை மட்டும் ஓர் ‘ஸ்’ தள்ளிப்போகிறது. வரி முடிவில் உடைக்கும் நிரலுக்கு எழுத்துக்கோவைதான் தெரியும், பொருள் தெரியாது. நிரலுக்குத் தனியே கொடுக்கும் விதிவிலக்குச் சொற்பட்டியலும் ஒரு பிரிப்பைத்தான் ஏற்கும்; மற்றப் பொருள் வருமிடத்தில் மறைகோட்டை (வரி முடிவில் உடைந்தால் மட்டும் தெரியும் இணைப்புக்கோடு) கையால் இட வேண்டும்.

‘மஸ்ஸாகெபெட்’ நேர்மாறு. மஸ்ஸா + கெபெட், பலர் கூடிச் செய்யும் வழிபாடு: அழுத்தம் முதலசையில். அதே எழுத்துகளை மசாஜ் + பெட் என்று பிரித்தால் மசாஜ் கட்டில்: அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது, ‘க’வின் ஒலியும் மாறுகிறது. எழுத்தில் நான்கு அசையும் அப்படியே நிற்கின்றன.

ஆகவே உறுப்புகள் சேருமிடத்துக்கு ‘உறுப்பெல்லை’, வரி உடைவுக்கு ‘வரிமுறிப்பு’ என்கிறேன். இடையில் வரும் எழுத்துக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். புளியம்பழத்தின் ‘அம்’ போல அதுவும் சாரியையே. 1995 எழுத்துச் சீர்திருத்தத்தில் ‘பன்னகூக்’ (தட்டையப்பம்) ‘பன்னன்கூக்’ ஆனது. அந்த ‘ன்’ எப்போதும் முன்னுறுப்போடு நிற்கும்: பன்னன்-கூக்.

> முதலுறுப்பில்தானே அழுத்தம்? ‘தலையழுத்தம்’ எனலாம். இரண்டு விதமாகப் பிரிபவற்றைப் பிரிமொழிச் சிலேடை எனலாம்.

அம்மா, பெரும்பான்மைக்கு அது சரி. ஆனால் ‘ஸ்டாட்ஹௌஸ்’ (நகர மன்றக் கட்டடம்) இரண்டாம் உறுப்பில் அழுந்துகிறது, ‘பூர்கமேஸ்டர்’ (நகரத் தலைவர்) மூன்றாம் அசையில். அதனால் ‘முதன்மையழுத்தம்’, ‘துணையழுத்தம்’ என்பவையே பொருந்தும். சிலேடை புலவர் வேண்டுமென்றே வைப்பது. இது எழுத்தின் தற்செயல். ‘பிரிமொழி’ மட்டும் போதும், அழகாகவும் இருக்கிறது.

‘அசை’யிலும் ஒரு சிக்கல் உண்டு. யாப்பில் ‘பட’ நிரை, ஓரசை. டச்சுக் கணக்கில் இரண்டு. மாணவர் குழம்பாதிருக்க ‘ஒலியசை’ என்போம்.

பதிவு இப்படி அமையட்டும்: தலைச்சொல், ஒலியசை புள்ளியால், உறுப்பெல்லை நிமிர்கோட்டால், முதன்மையழுத்தம் அந்த அசைக்கு முன் மேற்குறியால். பிரிமொழிக்கு இரண்டு தனிப் பதிவு.